அலாஸ்கா கப்பலுக்கு எந்தக் கேமரா? முதலில் பூலாம்பட்டிப் படகில் ஏறிப் பாருங்கள்

போன மாசியில் பெருந்துறையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் பெரியப்பா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்கண்ணு, பையன் ஜூன் மாசம் அலாஸ்காவுக்குக் கப்பல்ல கூட்டிட்டுப் போறேங்கறான். நல்ல கேமராவா ஒண்ணு சொல்லு, வாங்கிப்போடலாம்."

"வாங்க வேண்டாமுங்க பெரியப்பா. மொதல்ல பரண் மேல இருக்கறத எறக்குங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் எனக்கு அடிக்கடி வருகிறது. கோபி, ஈரோடு, திருப்பூர், கோவை என்று எந்தத் தெருவில் கேட்டாலும் அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வீடு ஒன்று இருக்கிறது. கோடையில் பெற்றோர் போகிறார்கள். பிள்ளைகள் சியாட்டிலிலோ வான்கூவரிலோ கப்பல் ஏற்றி ஒரு வாரம் அலாஸ்கா காட்டுகிறார்கள். ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்று சில ஊர்கள், நடுவில் ஒரு நாள் முழுக்கப் பனியாறு. வாழ்நாளில் பெரும்பாலும் ஒரே முறை போகும் பயணம். படம் சரியாக வராவிட்டால் மனசு கேட்காது.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். அந்தக் கப்பலில் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை தோள் பட்டை அறும் அளவுக்குச் சுமந்தேன். இரண்டாம் முறை அதில் பாதிகூடக் கொண்டுபோகவில்லை, படங்கள் நன்றாக வந்தன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: என்ன கொண்டுபோவது என்பதைக் கடையில் நின்று முடிவு செய்யாதீர்கள். நம் ஊரில் ஓடும் தண்ணீர் மேல், நம் தோளில் மாட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கான வழி கீழே.

பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டியது

மூன்று விவரம் வேண்டும். எந்த வழி, எந்த மாதம், எந்த அறை.

வழி என்றால், பனியாற்று நாளில் கப்பல் எங்கே போகிறது என்பது. கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பயணக் கப்பல்களுக்கு மேல் விடமாட்டார்கள். அதனால் பல கப்பல்கள் ஹப்பார்டு பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகலான கடற்கழிக்கோ போகின்றன. கழியில் இரண்டு பக்கமும் மலைச்சுவர் நெருங்கி நிற்கும், அகலமான படம் வேண்டும். விரிந்த இடத்தில் தூரத்தை இழுக்கும் லென்ஸ் வேண்டும். நார்வேக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கெய்ராங்கர் மாதிரியான இடங்களில் மலையே தலைக்கு மேல் நிற்கும், நீள லென்ஸுக்கு அங்கே அதிக வேலை இல்லை. ஆலப்புழை படகு வீடு என்றால் நல்ல போன் ஒன்றே தாராளம்.

மாதம் எதற்கென்றால் வெளிச்சத்துக்கு. ஜூனில் ஜூனோவில் விடியற்காலை நான்கு மணிக்கே சூரியன் வந்துவிடும், மறைய இரவு பத்து ஆகும். நல்ல சாய்வு வெளிச்சம் இராச்சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கிடைக்கும். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் பொழுது குறைந்துவிடும், மழை கூடும். கெச்சிகனில் ஆண்டு மழை 3,500 மி.மீ.க்கு மேல். கோவையில் பெய்வது அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அங்கே போகிறவர்களுக்கு மழை வருமா என்ற கேள்வியே கிடையாது, எத்தனை மணிக்கு வரும் என்பதுதான்.

அறையில் பால்கனி இருந்தால் கேமராவைக் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் அறை என்றால் கண்ணாடி வழியாக எடுக்கும் படம் சுமாராகத்தான் வரும், மேல்தளத்துக்கு ஏறிப் போக வேண்டும். உள்ளறை என்றால் நாள் முழுக்கப் பை தோளில்தான். அப்போது ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

திமிங்கிலத்தின் வால் எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

அலாஸ்காவில் கூன்முதுகுத் திமிங்கிலத்துக்கு 100 கெஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். மீட்டரில் 91. கணக்குக்கு 100 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். கேமராவுக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. தூரத்தை 36-ஆல் பெருக்கி, லென்ஸின் மி.மீ. எண்ணால் (அது கூடக் கூடத் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) வகுத்துவிடுங்கள்.

போனின் சாதாரண லென்ஸ் 24 மி.மீ. வாக்கில் இருக்கும். 100 மீட்டரில் 150 மீட்டர் அகலம் அடங்கும். திமிங்கிலத்தின் வால் நாலிலிருந்து ஐந்து மீட்டர். 150-க்குள் 5 என்றால் தட்டு நிறையச் சோறு, நடுவில் ஒரு கடுகு. போனில் ஐந்து மடங்கு ஜூம் தனி லென்ஸாக இருந்தால் 120 மி.மீ. ஆகும், 30 மீட்டர் அடங்கும். பரவாயில்லை, வால் என்று தெரியும். 200 மி.மீ.யில் 18 மீட்டர். 400 மி.மீ.யில் 9 மீட்டர், வால் படத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அருமையான படம்.

அப்படியானால் 600 வாங்கிவிடலாமே என்று தோன்றும். 600-இல் 6 மீட்டர்தான் அடங்கும். ஆடும் படகில் நின்றுகொண்டு, எங்கே எழும்பும் என்று தெரியாத வாலை அந்த ஆறு மீட்டருக்குள் பிடிப்பது பழகின கைக்கே சிரமம். பாதி வாலும் பாதித் தண்ணீருமாக வரும். என் முதல் பயணத்தில் 600 மி.மீ. வரை போகும் இரண்டு கிலோ லென்ஸைத்தான் தூக்கிப்போனேன். பாரம் தாங்காமல் அதை அறையில் வைத்துவிட்டு மேல்தளத்தில் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தபோதுதான் திமிங்கிலம் வந்தது. ஓடிப் போய் எடுத்துவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதிதாகப் போகிறவருக்கு 400 போதும், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவு.

இன்னொரு விஷயம். இந்த எண்கள் எல்லாம் பெரிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ள கேமராவுக்கானவை. நம் வீடுகளில் இருக்கும் சிறிய சென்சார் கேமராக்களில் லென்ஸ் எண்ணை ஒன்றரையால் பெருக்க வேண்டும். கேனானாக இருந்தால் 1.6. இங்கேதான் பெரியப்பாவின் பரண் வருகிறது.

பரணில் இருப்பது என்ன?

பேரன் பிறந்தபோதோ, புது வீடு பால் காய்ச்சியபோதோ வாங்கிய கேனான் 1500டி, அல்லது அதே ரகத்து நிக்கான். கூடவே 18–55 ஒன்று, 55–250 ஒன்று என்று இரண்டு லென்ஸ். நாலு விசேஷத்துக்கு எடுத்துவிட்டு மூட்டை கட்டி வைத்தது. கொங்கு நாட்டில் இப்படி எத்தனை கேமரா தூங்குகிறதோ.

250-ஐ 1.6-ஆல் பெருக்குங்கள். சரியாக 400. திமிங்கிலத்துக்கு நாம் கேட்ட அதே எண்! உடல், இரண்டு லென்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான். நொடிக்கு மூன்று படம்தான் எடுக்கும், அது ஒரு குறை. ஆனால் உங்கள் கைக்கு ஏற்கெனவே அறிமுகமான கேமரா அது.

பரணிலிருந்து இறக்கியதும் பேட்டரியைப் பாருங்கள். பல வருடம் சும்மா கிடந்த பேட்டரி சார்ஜ் நிற்காது, புதிதாக இரண்டு வாங்கிவிடுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் வலை மாதிரி வெள்ளைப் படலம் தெரிகிறதா? அது பூஞ்சை. லேசாக இருந்தால் கடையில் சுத்தம் செய்யலாம், அதிகமென்றால் அந்த லென்ஸை விட்டுவிடுங்கள். வானத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்து, அதில் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. பனியும் வானமும் வெள்ளை வெள்ளையாக வரும் பயணத்தில் ஒவ்வொரு புள்ளியும் கண்ணை உறுத்தும், கிளம்பும் முன் துடைக்கக் கொடுத்துவிடுங்கள்.

பரணில் ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வது? மூன்று வழி உண்டு.

தனி ஜூம் லென்ஸ் உள்ள நல்ல போன் இருந்தால் அதோடு போகலாம். கேமரா வாங்கும் பணத்தில் 8 மடங்கு காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். திமிங்கிலத்தைக் கண் நிறையப் பார்த்துவிட்டு வரலாம். இதை நான் மனசாரச் சொல்கிறேன். படம் எடுப்பதில் பெரிய ஆர்வம் இல்லாதவர்களுக்கு இதுவே சிறந்த வழி.

லென்ஸ் மாற்றுவதே தொல்லை என்பவர்களுக்கு, லென்ஸ் கழற்ற முடியாத நீள ஜூம் கேமரா. சோனி ஆர்.எக்ஸ். 10-இன் நான்காம் வடிவம் 24-இலிருந்து 600 வரை போகும், எடை 1.1 கிலோ. நிக்கான் பி950 இரண்டாயிரம் வரைக்கும் போகும். ஆனால் அந்த இரண்டாயிரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நிலத்தில் நின்று நிலாவை எடுக்க அது சரி. ஆடும் கப்பலில், ஈரக் காற்று ஊடே, அறுநூறுக்கு மேல் எதுவும் தெளிவாக வராது. அதன் சென்சாரும் மிகச் சிறியது, மேகம் மூடிய நாளில் திணறும்.

உண்மையாகவே இந்தக் கலையில் இறங்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவும் 100–400 லென்ஸும். கேனானின் ஆர்.எஃப். 100–400 லென்ஸ் 635 கிராம்தான், தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்னாலாவது கைக்கு வந்துவிட வேண்டும். "இங்க வந்ததும் வாங்கித் தர்றேன்ப்பா" என்று பிள்ளைகள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கப்பலில் ஏறிய பிறகு மெனு தேடிக்கொண்டிருப்பது பாவம்.

கோவையில் லென்ஸ் வாடகைக்குத் தரும் கடைகள் உண்டு. வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுக்கே வாடகை லென்ஸைக் கொண்டுபோகலாமா என்பதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சென்னிமலைப் படி

தேர்ந்தெடுத்ததை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். கேமரா, லென்ஸ், பேட்டரி, தண்ணீர் பாட்டில், ஒரு சட்டை, பைனாகுலர். சென்னிமலைக்குப் போய், காரில் மேலே போகாமல் 1,320 படியும் ஏறுங்கள். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வரும்போது தோளைக் கேளுங்கள். வலிக்கிறதா? எது கனம் என்று யோசித்து ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த வாரம் மறுபடி ஏறுங்கள். படி ஏற முடியாதவர்கள் வீட்டுப் பக்கத்துக் கோயிலை அதே பையோடு மெதுவாகப் பத்துச் சுற்று சுற்றி வந்தால் போதும்.

கப்பலில் அறையிலிருந்து மேல்தளத்துக்கும், கரையில் இறங்கினால் ஊருக்குள்ளும் ஒரு நாளைக்குப் பலமுறை நடப்பீர்கள். பை கனமானால் மூன்றாம் நாள் கேமரா அறையிலேயே தங்கிவிடும். எனக்கு நடந்தது அதுதானே.

பூலாம்பட்டிப் படகு

எடப்பாடிப் பக்கம் பூலாம்பட்டியில் காவிரி கதவணையால் தேங்கி ஏரி மாதிரி விரிந்து கிடக்கிறது. சுற்றிலும் மலை, தென்னை. அங்கிருந்து எதிர்க்கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. மேட்டூரில் தண்ணீர் அதிகமாகத் திறந்துவிட்ட நாளில் படகு நின்றுவிடும், விசாரித்துவிட்டுப் போங்கள். அலாஸ்காவுக்குப் போகும் முன் இந்தப் படகில் ஒரு முறையாவது ஏறி இறங்க வேண்டும். எஞ்சின் அதிர்வு, ஆட்டம், தண்ணீர்த் தெறிப்பு, எதிர்வெயில் எல்லாம் ஐந்து பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, கேமராப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் செய்து பாருங்கள்.

ஒன்று. எதிர்க்கரைத் தென்னை ஒன்றை முழு ஜூமில் வைத்து, ஷட்டர் ஸ்பீடு 60-இல் (படம் பதிய நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம்) ஒரு படம், 250-இல் ஒரு படம், 1000-இல் ஒரு படம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டை ஒவ்வொன்றும் எதில் தெளிவாக நிற்கிறது என்று புரியும். பெரும்பாலானவர்களுக்கு 1000-இல்தான் நிற்கும். அலாஸ்காவில் திமிங்கிலத்துக்கும் பனியாற்றிலிருந்து உடைந்து விழும் பனிக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தை வாங்கும் கூர்மை) ஆட்டோவில் விட்டுவிடுங்கள்.

இரண்டு. முழங்கையைப் படகின் ஓரத்தில் ஊன்றி ஒரு படம், ஊன்றாமல் முழங்கையை விலாவோடு ஒட்டி நின்றபடி ஒரு படம். ஊன்றியது நன்றாக வரும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எஞ்சினின் நடுக்கம் பலகை வழியாக நேரே கேமராவுக்கு ஏறிவிடும். நிற்கும்போது நம் முழங்காலும் இடுப்பும் அந்த நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். கப்பலிலும் இப்படித்தான், கைப்பிடிக் கம்பியில் கேமராவைச் சாய்க்காதீர்கள்.

மூன்று. படகிலேயே லென்ஸை மாற்றிப் பாருங்கள். ஒரு கையில் உடல், ஒரு கையில் லென்ஸ், மூடியை எங்கே வைப்பது, காற்று வேறு. ஒரு முறை செய்தாலே போதும், இனிமேல் தண்ணீர் மேல் லென்ஸ் மாற்றக் கூடாது என்று நீங்களே முடிவெடுப்பீர்கள். மாற்றாமல் எப்படிச் சமாளிப்பது? அகலத்துக்குப் போன், தூரத்துக்குக் கேமரா. காலையில் நீள லென்ஸை மாட்டிவிட்டால் இரவு வரை கழற்றவே வேண்டாம். மலை, கப்பல், குடும்பம் எல்லாம் போனில். திமிங்கிலம், கழுகு, பனி விழுவது கேமராவில். இந்த ஏற்பாடு பிடித்துவிட்டால் 18–55 லென்ஸைக்கூட வீட்டில் விட்டுவிடலாம். பெரியப்பா அப்படித்தான் செய்தார்.

பறவைக்கும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். ஜூனோவிலும் கெச்சிகனிலும் வெண்தலைக் கழுகு நம் ஊர்ப் பருந்து போலச் சாதாரணமாகப் பறக்கும். ஈரோட்டுக்காரர்களுக்கு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது, திருப்பூர்க்காரர்களுக்கு நஞ்சராயன் குளம். குளிர்காலக் காலைகளில் போய், பறக்கிற கொக்கையும் நாரையையும் கேமராவை நகர்த்திக்கொண்டே தொடர்ந்து எடுத்துப் பாருங்கள். முதல் நாள் நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாது. நாலாம் வாரம் வித்தியாசம் தெரியும்.

அப்புறம் வெள்ளை. கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் படம் முழுக்க அடைத்து எடுங்கள். சாம்பல் நிறமாக வரும். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு வரும், வேட்டி வெள்ளை என்பது அதற்குத் தெரியாது. கூட்டல், கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி வெளிச்சத்தைக் கூட்டலில் முக்கால், ஒன்று என்று ஏற்றிப் பாருங்கள், வேட்டி வெளுக்கும். பனிக்கும் அதே அளவு. வெயில் பட்டு மடிப்புகள் மறையும் அளவுக்கு மட்டும் போகாதீர்கள், பனியின் நீல நிறம் போய்விடும்.

வீட்டிலேயே விட்டுவிட வேண்டியவை

ட்ரைபாட் வேண்டாம். மேலே சொன்ன அதே நடுக்கம்தான் காரணம், கூட்டத்தில் கால் தடுக்கும் என்பது வேறு. ஃபிளாஷ் வேண்டாம், அதன் வெளிச்சம் சில மீட்டருக்கு மேல் போகாது. ட்ரோன் கட்டாயம் வேண்டாம். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை, கப்பல்களும் பறக்கவிட அனுமதிப்பதில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பல கப்பல்கள் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்ளும்.

கட்டாயம் போட வேண்டிய சின்னச் சாமான்கள்

ஈரிழைத் துண்டு இரண்டு. நம் ஊர்த் துண்டுக்கு ஈடாக எந்தக் கடைப் பொருளையும் நான் பார்க்கவில்லை. மழை தூறினால் கேமரா மேல் போர்த்தலாம், உப்புத் தண்ணீர் தெறித்தால் ஒரு முனையை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து உடலைத் துடைத்து, மறு முனையில் ஒற்றி எடுக்கலாம். லென்ஸ் கண்ணாடிக்கு மட்டும் தனியாக மைக்ரோஃபைபர் துணி. கூடவே தலைக் குளியலுக்குப் போடும் பிளாஸ்டிக் தொப்பி, அடைமழையில் கேமராவுக்கு அதுவே குடை.

ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் கவர் ஒன்று. மழை பெய்து ஓய்ந்த நாளில் ஏ.சி. காரிலிருந்து பவானி கூடுதுறையில் இறங்கினால் மூக்குக் கண்ணாடி மங்குகிறதல்லவா? அங்கே அது தலைகீழாக நடக்கும். குளிர்ந்த மேல்தளத்திலிருந்து சூடான அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் பனித்துவிடும், உள்ளேயும் ஈரம் இறங்கும். வெளியிலேயே கவரில் போட்டு மூடி, அறைக்குள் வந்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். ஈரம் கவரின் மேல் படியும், கேமரா தப்பிக்கும்.

பேட்டரி மொத்தம் மூன்று. ஊட்டி மார்கழிக் குளிர் மாதிரி காற்று அடிக்கும் இடத்தில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உதிரி பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். விமானத்தில் உதிரி பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. சார்ஜரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் அங்கத்திய மின்சாரத்துக்கும் ஒத்துவரும், பிளக் மாற்றி மட்டும் போதும்.

மெமரி கார்டு 64 ஜி.பி.யில் குறைந்தது இரண்டு. ஒரே பெரிய கார்டில் எல்லாவற்றையும் வைப்பதைவிட நாள்தோறும் மாற்றி மாற்றிப் போடுவது பத்திரம். கப்பலில் இணையம் விலை அதிகம், படங்களை அங்கிருந்தே மேலேற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

விலை கூடிய கேமரா என்றால் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்க அதிகாரியிடம் பில்லோடு காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அங்கே வாங்கியதா என்ற கேள்வி வராது. அதற்காக ஒரு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியிருக்கும்.

பனியாற்று நாள்

கிளேசியர் பேயில் மார்ஜரி என்றொரு பனியாறு. நீர்மட்டத்துக்கு மேல் 250 அடி உயரம், ஒரு மைல் அகலம். பவானிசாகரின் முழு நீர்மட்டமே 105 அடிதான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள். இங்கேயும் அந்தப் பழைய கணக்கு உதவும். அரை கிலோமீட்டர் தூரத்தில் நின்றால் 24 மி.மீ.யில்கூட 750 மீட்டர் அகலம்தான் அடங்கும், பனியாற்றில் பாதிதான் வரும். முழுவதும் ஒரே படத்தில் வேண்டுமானால் கப்பல் நெருங்கி வரும்போதே, தள்ளி இருக்கையிலேயே எடுத்துவிட வேண்டும். கிட்டே போன பிறகு நீள லென்ஸில் வெடிப்புகளையும் நீலப் பள்ளங்களையும் எடுங்கள். பனிச்சுவர் முன்னால் தூரத்தில் ஒரு சின்னப் படகு வந்தால் விடாதீர்கள், அது இல்லாமல் அந்த உயரம் படத்தில் யாருக்கும் புரியாது.

பனி உடைந்து விழுவதைப் பிடிக்கத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் துணி துவைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் விழுந்து, மறுபடி கை மேலே போன பிறகுதான் சத்தம் நம் காதுக்கு வரும். இங்கேயும் அரை கிலோமீட்டருக்கு ஒன்றரை நொடி தாமதம். சத்தம் கேட்டுக் கேமராவைத் தூக்கினால் பனி தண்ணீருக்குள் போயிருக்கும். அதனால் சுவரை நோட்டம் விடுங்கள். சின்னச் சின்னக் கட்டிகள் உதிரும் இடம் எதுவோ அங்கே கேமராவைக் குறி வைத்து, தொடர் படத்தில் போட்டு, கண்ணை எடுக்காமல் காத்திருங்கள். கை வலித்தால் இறக்கி வைத்து வெறும் கண்ணால் பாருங்கள், இரண்டாவது தடவை விழாமல் போகாது. கப்பலும் மெல்லத் திரும்பிக் காட்டும், இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்வார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தித் தமிழில் சொல்லச் சொல்லுங்கள், எங்கே பார்க்க வேண்டும் என்பது அதிலேயே வரும்.

அத்தனை நேரம் குளிரில் நிற்க விரல் நுனி திறக்கும் கையுறை வேண்டும். குல்லாயும். அம்மணிகள் சேலைதான் கட்டுவோம் என்றால் உள்ளே வெப்ப உடுப்பு போட்டுக்கொள்ளலாம், என் அத்தை அப்படித்தான் மூன்று மணி நேரம் மேல்தளத்தில் நின்றார். அவர் கையில் பைனாகுலர் மட்டும். எங்கள் எல்லோரையும்விடத் திமிங்கிலத்தை அதிகமாகப் பார்த்தது அவர்தான்.

கடைசி இரவு ஒரு வேலை இருக்கிறது. மறுநாள் இறங்குவதற்காகப் பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், ஊழியர்கள் இராத்திரியே எடுத்துப்போய்விடுவார்கள். அதற்கு முன் கேமரா, கார்டுகள், சார்ஜர், பேட்டரி எல்லாம் கைப்பைக்கு வந்துவிட்டதா என்று கட்டிலுக்கு அடியிலும் மேசை இழுப்பறையிலும் பார்த்துவிடுங்கள். முடிந்தால் எல்லாப் படத்தையும் பிள்ளைகளின் லேப்டாப்பில் ஒரு பிரதி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.